மூன்றாம் ஓலைக்கு முன்

அந்த யோசனை எனக்கு வந்தது பல் டாக்டரின் நாற்காலியில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது. சூரமங்கலத்தில் நான் தங்கியிருக்கும் விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சின்ன கிளினிக். டாக்டர் பேச்சுக்காரர். கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, "ஒவ்வொரு பல்லும் அதது வேலைக்குன்னு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு பாருங்க. இதெல்லாம் தானா வந்துச்சுன்னு சொல்றவங்களை இந்த நாற்காலியில உக்கார வைக்கணும்" என்றார்.

நான் அப்படிச் சொல்கிறவள்தான். உட்காரவும் வைத்துவிட்டார். அப்படியானால் ஞானப்பல் எதற்கு, சொத்தை எதற்கு, உங்களுக்குத் தொழில் எதற்கு என்று அடுக்கடுக்காகப் பதில் இருந்தது. நாக்கு மரத்துக் கிடந்தது. இருபது நிமிடம் அவர் பேசினார், நான் கேட்டேன். குழந்தை வளர்வது, விதை முளைப்பது, அவருடைய அப்பா சாகும்போது சிரித்தது என்று எங்கெங்கோ போனார். எதிர்ப்பக்கத்துப் பேச்சை நடுவில் வெட்டாமல் முழுதாக நான் கேட்டது, மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்போது யோசனை முழுசாக வந்துவிட்டது: ஒரு வாரம், எல்லோரும் எதிர்ப்பக்கத்துக்காகப் பேச வேண்டும். நாத்திகர்கள் கடவுள் உண்டு என்று வாதாட வேண்டும். பக்தர்கள் இல்லை என்று வாதாட வேண்டும்.

மூன்று வருடம் என்று சொன்னேன் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசிச் செயலி ஒன்றில் நான் ஒரு குரல் அறை நடத்திவந்தேன். வாரத்தில் ஆறு நாள், மாலை ஏழு முதல் ஒன்பது. பேசும்போது முகம் தெரியாது, குரல் மட்டும்; பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். கடவுள் உண்டா இல்லையா என்பதுதான் விஷயம். பயிற்சி மையத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, விடுதிக்கு ஓடி வந்து, காதில் ஒயரை மாட்டுவேன். முதல் வருடம் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வருடம் எல்லோரும் அடுத்து என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துபோயிற்று. "அப்ப காத்து கண்ணுக்குத் தெரியுதா?" என்று ஒருவர் கேட்பார். "அப்ப கடவுளைப் படைச்சது யாரு?" என்று நாங்கள் கேட்போம். பிறகு யாராவது யாருடைய அம்மாவையாவது இழுப்பார்கள். நான் மைக்கை அணைப்பேன். பெண் நடத்துகிற அறை என்பதால் எனக்கென்று தனி வசவுகளும் வரும். அவற்றில்கூடப் புதிதாக ஒன்றும் இல்லை.

அந்த அறையில் நான் சலிக்காமல் கேட்ட குரல் ஒன்றே ஒன்று. அது என் தோழியுடையது. கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கேன்டீனில் சாம்பார்சாதத்துக்கு முன்னால் அவள் சிலுவை போடும்போது, "சாப்பாடு ஆறிப்போச்சு, அவர் வந்தாரா?" என்று நான் கேட்பேன். "அவர் வந்துட்டாரு. நீதான் இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து வடகத்தை எடுத்துக்கொள்வாள். அறையில் எதிர்ப்பக்கத்தின் முதல் ஆள் அவள்தான்.

பஞ்சு வாயோடு நேராக அவள் வீட்டுக்குப் போய் யோசனையைச் சொன்னேன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மேட்டூர், அனல்மின் நிலையத்தில் வேலை. புடவைக் கடைப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுவா இருந்தாலும் ஓலை வாசிக்கறதுக்கு முன்னாடி முடிச்சுடுடி. அப்புறம் எனக்கு நேரமில்லை" என்றாள்.

ஓலை என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் தெரியும். அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் பங்குக் கோயிலிலும் மாப்பிள்ளையின் பங்குக் கோயிலிலும், பூசையில் வைத்து இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் என்று வாசிப்பார்கள். இதற்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றும் சேர்த்து வாசிப்பார்கள்.

"ஊரையே கூப்பிட்டுக் குறை சொல்லச் சொல்றீங்களா?" என்றேன்.

"அப்புறம் சொல்றதுக்கு இப்பவே சொல்லிட்டா நல்லதுதானே" என்றாள்.

நான் விதிகள் எழுதினேன். எனக்கு விதிகள் எழுதப் பிடிக்கும். அறையின் அறிவிப்புப் பலகையில் 'பக்கம் மாற்றும் வாரம்' என்று பெரிதாகப் போட்டேன். அதில் ஒரு விதி இப்படி இருந்தது: பேசும்போது யாரும் 'நான் சும்மா இந்தப் பக்கத்துக்காகப் பேசுகிறேன்' என்று சொல்லக் கூடாது, மனதார நம்புகிறவர் போலவே பேச வேண்டும், சொன்னால் ஆட்டத்திலிருந்து வெளியே. பேச்சுகள் முழுவதும் பதிவாகும்.

செவ்வாய்க்கிழமை நான் பேசினேன். எதைப் பேசுவது என்று யோசித்துவிட்டு, எருமப்பட்டிப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவை எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் பெரிய காரியம் எதற்கும் அம்மனிடம் பூக் கேட்பார்கள். சிலையின் மேல் பூவை வைத்துவிட்டு நிற்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். எனக்குச் சேலத்தில் கல்லூரி இடம் கிடைத்தபோது அம்மா போய்ப் பூக் கேட்டாள். பூ விழவில்லை. காலையில் போனவள் பொழுது இறங்கும் வரை நின்றாள். கூட வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் பூ வலப்பக்கம் விழுந்தது. "அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, என்னைப் படிக்க அனுப்பாமல் நகரமாட்டேன் என்று நின்றாள், அம்மனுக்கு அது புரிந்தது" என்று குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்தேன். அறையின் திரையில் பூப் படங்களும் கைதட்டல் படங்களுமாகப் பறந்தன. நன்றாக நடித்தேன் என்று எனக்கே பெருமை.

வியாழக்கிழமை அவள் பேசினாள்.

பல் முளைப்பது, விதை முளைப்பது என்றெல்லாம் போகவில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளைச் சொன்னாள். வராந்தாவில் சொந்தக்காரர்கள் எல்லாம் ஜெபமாலை உருட்டியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்காக யாருமே வேண்டாமல் அவர் பிழைத்து வீட்டுக்குப் போனது. பன்னிரண்டாம் நாள் காலையில் தான் மட்டும் ஜெபமாலையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தது. "கேட்கிற ஆள் இருந்திருந்தா, அந்தப் பதினோரு நாள்ல ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருப்பாரு. அங்க யாரும் இல்லை. சுவர்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு அழுதாள். நான் "பிரமாதம்டி" என்று தனியாகச் செய்தி அனுப்பினேன். அவள் பதில் போடவில்லை. களைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கோயிலிலும் முதல் ஓலை வாசித்தார்கள். அன்று சாயந்திரம் அந்தத் துண்டு வெளியே வந்தது. அவள் பேச்சின் கடைசி ஒன்றரை நிமிடம், அழுகையோடு. மேலே ஒரு வரி: 'கத்தோலிக்கப் பெண் உடைந்து ஒப்புக்கொண்ட உண்மை'. அவளுடைய சுயவிவரப் படத்தையும் ஒட்டியிருந்தார்கள்.

வெட்டியது எங்கள் ஆள். திருச்செங்கோட்டுக்காரர், ரிக் வண்டியோடு வடமாநிலங்களில் போர்வெல் போடப் போகிறவர். இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் அறையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவரைக் கூப்பிட்டேன்.

"எடுங்க அதை. அது ஆட்டம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க தோழர். ஆனா ஆட்டத்துல சொன்னாலும் உண்மை உண்மைதானுங்களே? மூணு வருசமா நாம பேசிப் பேசி ஒருத்தரு மாறலீங்க. இதைக் கேட்டு எங்க வண்டியிலயே ரெண்டு பேரு யோசிக்கறாங்க."

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்ங்க."

சத்தம் நின்றது. வண்டியை விட்டுத் தள்ளி வந்திருப்பார் போல. "அட கடவுளே" என்றார்.

உடனே எடுத்துவிட்டார். அவர் எடுத்தது அவருடைய பிரதியை மட்டும். மற்றது ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. பக்தர்கள் குழுக்களில் 'இவர்கள் லட்சணம் பாரீர்' என்று போனது. நாத்திகர்கள் குழுக்களில் 'வாழ்த்துகள் சகோதரி' என்று போனது. ஆட்டம் என்று நான் விளக்கம் எழுதிப் போட்டேன். "மாட்டிக்கிட்டதும் ஆட்டமா?" என்று கேட்டார்கள். முழுப் பதிவையும் போடுங்கள், உண்மை தெரியட்டும் என்றார்கள். முழுப் பதிவை எடுத்து இரண்டு தடவை கேட்டேன். ஆட்டம் என்பதற்கு அதில் ஒரு சொல் இல்லை. விதி அப்படி.

செவ்வாய்க்கிழமை அது மேட்டூர் போய்ச் சேர்ந்தது. யாரோ அங்குள்ள பங்குச் சாமியாரிடமே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தானே. இரண்டு வீட்டாரும் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு சூரமங்கலத்தில் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மேட்டூரில் வாசிக்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். புடவைப் பைகள் பிரிக்காமலேயே இருந்தன.

"நான் போய்ச் சொல்றேன். நான்தான் விதி போட்டேன்னு சொல்றேன்" என்றேன்.

"என்ன சொல்லுவே?"

"நீ நடிச்சேன்னு."

"நடிச்சேன்னு உனக்குத் தெரியுமா?"

நான் முழித்தேன். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டேன். "உண்மையாச் சொல்லு. நீ நம்பறியா இல்லையா?"

அவள் சிரித்தாள். "எங்க அம்மாவைப் பத்தி அவ்வளவு சொல்லியும் உனக்கு இந்த ஒரு கேள்விதான்டி கிடைச்சுது. நான் தினமும் அவர்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் தூங்கறேன். போய் இதை எந்தப் பக்கத்துல எழுதுவியோ எழுதிக்கோ."

புதன்கிழமை அவள் அப்பாவும் நானும் மேட்டூர் பஸ் ஏறினோம். அவளை வரவேண்டாம் என்று அவர்தான் சொன்னார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வழி நெடுக என்னைப் பார்க்கவில்லை. ஓமலூர் தாண்டியதும், "அவ அம்மா கதையை நானே இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லைம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

மாப்பிள்ளையின் வீடு அனல்மின் நிலையக் குடியிருப்பில். மாப்பிள்ளையின் அம்மா காபி கொடுத்தார். கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வந்த சட்டையோடு கதவோரம் நின்றிருந்தார். நான் கைப்பேசியை எடுத்து, அறையின் பலகை, விதி, தேதி எல்லாவற்றையும் காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார்.

"ஆட்டம்னு போட்டிருக்கு. சரிம்மா. ஆனா அந்தப் புள்ளை அழுதுச்சே. அது ஆட்டமா?"

"இல்லைங்க" என்றேன்.

அவள் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ யாரு? எந்தக் கோயில்?" என்றார் அந்த அம்மா.

"நான் எந்தக் கோயிலும் இல்லைங்க. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது."

"அப்ப, அவளுக்கு நம்பிக்கை இருக்குன்னு உன்கிட்ட நான் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?" அந்த அம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எனக்கும் வந்திருக்கும், வேறு இடமாக இருந்தால்.

அங்கே எனக்கு வாதம் ஒன்றும் வரவில்லை. மூன்று வருடம் இரண்டு மணி நேரம் தினமும் பேசிய வாய். தெரிந்ததை மட்டும் சொன்னேன். அவள் அம்மா இறந்த தேதியில் மாதா மாதம் அவள் கோயிலுக்குப் போவாள். கல்லூரி நாட்களில் துணைக்கு நானும் போவேன். அவள் உள்ளே போனதும் நான் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். அரை மணி நேரம் கழித்து வருவாள். பல நாள் முகம் சிவந்து, யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரி வருவாள். "இன்னைக்கும் அவர் பேசலை" என்பாள். அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி போவாள்.

"எனக்கு அங்க சண்டை போட ஆள் கிடையாதுங்க. அதனால நான் சும்மா உக்காந்திருப்பேன். அவளுக்கு இருக்காரு. அன்னைக்கு அவ அழுதது அந்தச் சண்டைதான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவோரம் நின்றிருந்த மாப்பிள்ளைதான் பேசினார்.

"அவங்க சொன்னது எதுவும் எனக்குத் தப்பாத் தெரியலை. அவங்க அம்மா இறந்ததை என்கிட்ட ஒரு வரியில சொன்னாங்க. காய்ச்சல், இறந்துட்டாங்கன்னு. இந்தப் பதினோரு நாளை முகம் தெரியாத அத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்காங்க. என்கிட்ட சொல்லலை. அதான்."

அவள் அப்பா எழுந்து நின்று, "அவ மனசுல இருந்ததை எங்கிட்டயும் சொல்லலைங்க தம்பி. நானும் அதுலதான் கேட்டேன்" என்றார். மாப்பிள்ளை கதவை விட்டு அவர் அருகில் வந்தார். பிறகு, "நான் அவங்ககிட்ட நேரா பேசிக்கறேன் மாமா" என்றார். அந்த 'மாமா'வைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பஸ் ஏறினோம். அவள் அப்பா அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் பாதி வழியில் எனக்கு ஒரு பொட்டலம் கடலை வாங்கிக் கொடுத்தார்.

மாப்பிள்ளையும் அவளும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வரை அவளிடமிருந்து செய்தி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு நான் சூரமங்கலம் கோயிலுக்குப் போனேன். இந்தத் தடவை சைக்கிள் ஸ்டாண்டில் உட்காரவில்லை. உள்ளே கடைசி வரிசை. எல்லோரும் எழுந்தபோது எழுந்தேன், முழங்காலிட்டபோது மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். கடைசியில் ஓலை. அவள் பெயர் வந்தது. மூன்றாம் ஓலை. தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தால் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற வரி வந்தபோது, யாராவது எழுந்திருக்கிறார்களா என்று வரிசை வரிசையாகப் பார்த்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் அப்பா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மேட்டூரில் விட்டுப்போன இரண்டாம் ஓலையையும் மூன்றாம் ஓலையையும் சேர்த்தே வாசித்துவிட்டார்களாம். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கட்டும் என்று போனில் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"செருப்பு வார் அறுந்துபோச்சாடி? ரொம்ப நேரம் குனிஞ்சிருந்தே."

"மன்னிச்சுடு" என்றேன்.

"கல்யாணத்துக்கு வா. ரெண்டு நாள் முன்னாடியே வா, வேலை இருக்கு. அந்த அறைக்கு மட்டும் இனிமே என்னைக் கூப்பிடாதே."

கூப்பிடுவதற்கு அறையும் இல்லை. மேட்டூர் போய் வந்த அன்றே பூட்டிவிட்டேன். திருச்செங்கோட்டுக்காரர் மட்டும் அவ்வப்போது செய்தி அனுப்புகிறார்: "தோழர், கல்யாணம் நடக்குதுங்களா?" நடக்கிறது என்று பதில் போட்டேன். நான்கு பூ அனுப்பினார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவளுடைய பேச்சு ஊரைச் சுற்றிய அதே வாரத்தில், என்னுடையதும் சுற்றியிருக்கிறது, சத்தமில்லாமல். எங்கள் குடும்பக் குழுவுக்கு யாரோ அனுப்ப, பெரியம்மா அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அன்று கோயிலிலிருந்து விடுதிக்குத் திரும்பிய சற்று நேரத்தில் அம்மா கூப்பிட்டாள்.

"ஏஞ்சாமி, நீ பேசுனதக் கேட்டனாக்கும். பூவுக்கு நின்னதயெல்லாம் நீ நெனப்பு வெச்சிருக்கறயா? எனக்கு அழுவையே வந்துருச்சு கண்ணு. மூணு வருசமா ஊட்டுல ஆரும் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல, அந்தப் புள்ள சாமியில்லீங்குதுன்னு. புள்ள மனசு திரும்புனா பொங்க வெக்கறேன்னு வேண்டியிருந்தேன். வர்ற வெள்ளிக்கெழம வெக்கறேன். நீ வாரயா?"

"வாரேன்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

முழுப் பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டிப் பலகையையும் விதியையும் காட்டலாம். மேட்டூரில் காட்டிப் பார்த்தாயிற்று. பேசாமல் போய்ப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றும் இரண்டு நாள் யோசித்தேன். அவள் அன்று சாயங்காலம் வரை நின்றதை நினைத்தால் அது முடியாது என்று தோன்றுகிறது. அவள் பொங்கல் வைப்பது ஒரு விதிக்காக நான் தழுதழுத்த குரலுக்கு.

வியாழக்கிழமை மத்தியானமே நாமக்கல் பஸ் ஏறப்போகிறேன். அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். வாதாடக் கூடாது, அவள் ஏதாவது கேட்டால் நடுவில் வெட்டக் கூடாது. "அம்மா, அன்னைக்கு நான் பேசினது போட்டிக்கு. ஆனா நீ நின்னது எனக்கு மறக்கலை" என்று ஆரம்பித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்குப் பிறகும் அவள் பொங்கல் வைத்தால், விறகு எடுத்துக் கொடுப்பேன்.